அம்மாவுக்கு நாற்பத்து மூன்று கிரெடிட்

ஃபேயட்வில்,
செப்டம்பர் 9

அன்பு மகள் கோரினுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நம் கிழட்டு நாயும் சௌக்கியம். கொரியாவில் உன் முகாமில் குளிர் ஆரம்பிக்கும் முன் நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் பிரித்துப் போட்டிருப்பாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் "அம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்பாய், நானும் சிரித்துச் சிரித்து ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லமாட்டேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி, கையில் காப்பி இருந்தால் கீழே வை.

நீ போன மாதம் படிப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னாயே, இரண்டே பாடம் பாக்கி இருக்கும்போது. புள்ளியியலில் ஒரு தடவை தோற்றாகிவிட்டது, பன்னிரண்டு மணி நேரம் ஹெலிகாப்டருக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துவிட்டு வந்து யாரால் படிக்க முடியும், "நம்ம வீட்டுக்குக் காலேஜ் எல்லாம் ஒத்துவராதுன்னு நீதானேம்மா சொன்ன" என்றும் கேட்டாய். சொன்னது நான்தான், உனக்குப் பத்து வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு, நேரே இங்குள்ள ராணுவ முகாமில் உன்னைப் போன்ற பட்டாளத்துக்காரர்களின் படிப்பைக் கவனிக்கிற கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றேன், என் மகளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்க. கோபப்படாதே, முழுக்கப் படி.

அங்கே மார்வா டிப்ஸ் என்று ஓர் ஆலோசகர் இருக்கிறாள், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறவள். "பொண்ணுக்கு என்ன வயசு?" என்றாள். இருபத்தாறு என்றேன். "இருபத்தாறா! அவ விஷயத்தை அவளே வந்து பேசட்டும், உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதும்மா" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. என்னைக் கிளப்புவதற்காகவோ என்னவோ, "நீங்களும் பட்டாளத்துல இருந்தவங்கதானே, எத்தனை வருஷம்?" என்று கேட்டாள். இருபது வருஷம், பாராசூட் மடிக்கிற பிரிவு என்றேன். என் பட்டாள அடையாள அட்டையை வாங்கி எதையோ தட்டினாள், அச்சு இயந்திரம் கடகடவென்று நான்கு பக்கம் துப்பியது. "சார்ஜென்ட், பட்டாளத்துல செஞ்ச வேலைக்கே உங்களுக்கு நாப்பத்து மூணு காலேஜ் கிரெடிட் இருக்கு. மூணுல ஒரு பங்கு பட்டம் வாங்கியாச்சு, தெரியுமா?" என்றாள்.

கோரின், நான் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை! பதினெட்டு வயதில் பட்டாளப் பயிற்சியில் ஒரு கத்துகிற ஆளுக்குப் பயந்து அழுதுகொண்டே சேற்றில் ஓடினேன் அல்லவா, அது உடற்கல்வியாம். இருபத்தைந்து பேரை வைத்து வேலை வாங்கினேனே, அது நிர்வாகவியலாம். தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியதற்கும் மூன்று கிரெடிட். நாம் மடித்த பாராசூட்டை மாட்டிக்கொண்டு நாமே குதிக்க வேண்டும் என்று எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டே, அந்தப் பயத்துக்கும் ஏதாவது தருவார்களா என்று கேட்டேன். அதற்கு மட்டும் இல்லையாம். வண்டி நிறுத்துமிடத்தில் நான் ஆடிய ஆட்டத்தைக் காவலுக்கு நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள், போகட்டும். சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகளிடம் சொன்னேன், மொத்தப் பஸ்ஸும் கூவியது, நாற்பத்து மூன்று என்றால் என்னவென்று அதுகளில் ஒன்றுக்கும் தெரியாது.

உன் அப்பா காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்பது வருஷமா பல்லு தேய்க்கிறேன், அதுக்கும் ஏதாவது உண்டான்னு கேட்டு வா, டெல்ஃபீன்" என்றார். அப்புறம் அவரே அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது பார்த்தால், காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்து, கோழி வறுவல் வரிசையில் நிற்கிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை. போதகரின் மனைவி என்னை "பேராசிரியை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சிரித்தது போதும். நீ படிக்கிற அதே கல்லூரியில், பட்டாளத்துக்காரர்களுக்கென்று இருக்கிற அதே இணையவழிப் படிப்பில் நான் சேர்ந்துவிட்டேன். கட்டணத்தைப் பற்றிக் கேட்காதே, பட்டாளத்தில் இருந்ததற்கு எனக்குச் சேர வேண்டிய படிப்புச் சலுகை தொடாமல் கிடக்கிறது. முதல் பாடம் எதுவென்று நானே தேர்ந்தெடுத்தேன், புள்ளியியல். மார்வா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "முதல்ல சுலபமா ஏதாவது எடுங்களேன்" என்றாள். மாட்டேன் என்றேன். இந்தப் பருவத்தில் அதற்கு ஒரே ஒரு வகுப்புதான், நீ மறுபடி எடுத்தாலும் அதேதான். பெயர் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் நான்கு, வெள்ளிக்கிழமை. வகுப்பு அதற்கடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. பாடத்தை அவரவர் நேரத்தில் கேட்கலாம், ஆனால் வாரா வாரம் சக மாணவர்கள் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டுமாம். ஒருத்தி நீ, இன்னொரு ஆளை நீயே பார்த்துச் சொல்லு.

உன் அப்பாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறந்த இரண்டாம் வருஷம் சாயங்கால வகுப்பில் கணக்குக்குச் சேர்ந்தேன். நான்கு நாள் போனேன். ஒன்றும் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஐந்தாம் நாள் கல்லூரி வாசலில் காருக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வகுப்பு முடிகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். ஒத்துவராது என்று உனக்குச் சொன்னதெல்லாம் அந்தக் காருக்குள் இருந்து சொன்னது, கண்ணு. வெட்கத்தை மறைக்கச் சொன்னதை நீ நிஜம் என்று எடுத்துக்கொண்டாய். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீ அலுத்துப் போயிருக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. அந்தத் திங்கட்கிழமை காலை வகுப்பைத் திறந்து மாணவர் பட்டியலில் நம் குடும்பப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று பார்ப்பேன். இரண்டு தடவை வந்தால் மறுபடியும் ஆடுவேன். ஒரு தடவைதான் வந்தாலும், இந்த முறை ஐந்தாம் நாள் உள்ளே போவேன்.

கடவுள் உன்னையும் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளையும் கண்ணின் மணியாகக் காக்கட்டும். அந்த முதுகு வலிக்கு மருத்துவரைப் பார், தள்ளிப்போடாதே. நான்காம் தேதியை மறக்காதே, அங்கே உனக்கு அரை நாள் முன்னாலேயே விடிந்துவிடும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
டெல்ஃபீன் கேடிஸ், முதலாம் ஆண்டு