போதும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை

மான்செஸ்டர்
1949, மே மாதக் கடைசி ஞாயிறு

என் கண்ணான ஐவிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும், அவர் முதுகுவலியும் என் முட்டிவலியும் உள்பட, எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் க்ளிஃபும் குட்டி சூசனும் எப்படி இருக்கிறீர்கள், எங்களுக்கு வெயில் வரும்போது உங்களுக்குக் குளிர் வருமாமே, என்ன தலைகீழான ஊரோ, குழந்தைக்கு மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பீச் பழ டப்பா ஒன்றை அடுத்த ஞாயிறு வரும் விட்ஸன் பண்டிகைக்கு என்று ஒளித்து வைத்திருந்தேன், உன் அப்பா மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிட்டார். மிட்டாய்க்கு இருந்த ரேஷனை எடுத்துவிட்டார்கள் என்று நாடே கடை வாசலில் நின்றது, அவரும் வரிசையில் நின்று ஒரு பொட்டலம் புதினா மிட்டாய் வாங்கிவந்தார், எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ட்ராம் ஓட்டியவரைக்கும் இல்லாத முதுகுவலி பேருந்து ஓட்ட ஆரம்பித்ததும் வந்துவிட்டது, தைலம் தேய்க்க மட்டும் நான் வேண்டும்.

போன கடிதத்தில் எங்கள் கணக்கு அறையை மூடப்போகிறார்கள் என்று பாதி சொல்லிப் பாதி விட்டிருந்தேன், நீ பதறிப்போய் எழுதியிருந்தாய். இனி பதற வேண்டாம், முழுவதையும் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஒரு இயந்திரம் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, எங்கள் பெண்கள் நாள் முழுக்கக் கணக்குப் பொறியின் கைப்பிடியைச் சுற்றிப் போடும் கணக்கை அது தானாகவே போடுமாம். எங்கள் மேலாளர் ஆஷ்வொர்த் என்னைக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடிக் கம்பெனிக்கு நாங்கள் போட்ட கண்ணாடி வில்லைக் கணக்குப் பட்டியலை அந்த இயந்திரத்தில் ஓட்டிக் காட்டினால் என்னையும் பெண்களையும் அப்படியே அந்த வேலைக்கு மாற்றுவதாகவும், முடியாவிட்டால் விட்ஸனோடு அறையைப் பூட்டிவிடுவதாகவும் சொன்னார். எட்டுப் பெண்கள், ஐவி. நீ இந்த அறையில் வேலை பார்த்தபோது இருந்தவர்களில் எட்னா மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் போருக்குப் பின் வந்த சின்னப் பெண்கள், பாதிப் பேர் வீட்டில் அவர்கள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வீட்டில் சொன்னேன். உன் அப்பா, ‘எட்டுப் பொண்ணுங்க வேலைய ஒரு பொட்டி செய்யுதுன்னா, அந்தப் பொட்டிக்கும் பதினோரு மணிக்கு டீ குடுப்பாங்களா?’ என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய்ப் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல, அறை முழுக்க ஆள் உயர இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசை வரிசையாக, ரேடியோவுக்குள் இருக்குமே அந்த மாதிரி எரியும் வால்வுகள், ரொட்டிச் சூளைக்குள் நுழைந்த மாதிரி அனல். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பில்லிங் என்று ஒரு இளைஞர், கோட்டில் பொத்தான் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. வட்டமான ஒரு கண்ணாடியைக் காட்டினார். அதில் பச்சைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் அதன் ஞாபகம் என்றார். நாம் போடும் எண்ணும் அதிலேதான் இருக்கிறது, அந்த எண்ணை என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவும் அதிலேதான் இருக்கிறது. ‘நேத்து வேற கணக்கு போட்டுச்சு, இன்னிக்கு உங்க கணக்கு. ஒரு ஒயரக்கூட நான் தொடல, எழுதினத மட்டும் மாத்தினேன்’ என்றார். ஒரே இயந்திரம், ஐவி. எழுதுவதை மாற்றினால் அது வேறு இயந்திரம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், வீட்டுக்கு வரும்போது பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதன் மொழியில் உத்தரவு எழுத பில்லிங் சொல்லிக்கொடுத்தார். நான் எழுதினேன், பெண்கள் சரிபார்த்தார்கள். நம் அறை வழக்கம் உனக்குத் தெரியும், ஒருத்தி போட்டதை இன்னொருத்தி பார்க்காமல் தனியாகப் போட வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் தாள் மேசையை விட்டு நகரும். அப்படியே செய்தோம். ஓட்டிக் காட்டும் காலையில் ஆஷ்வொர்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பில்லிங் விசையைத் தட்டினார். புள்ளிகள் குதித்தன, ஓடின, பிறகு ஒரே கோலத்தில் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டன. காத்திருந்தோம். ஒரு வரிகூட அச்சாகவில்லை. ஆஷ்வொர்த் கடிகாரத்தைப் பார்த்து, ‘என்ன மிஸஸ் ஹாவர்த், உங்க மேதாவி சாப்பாட்டுக்குப் போயிடுச்சா?’ என்றார். பெண்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பில்லிங் வால்வுகளைத் தட்டிப் பார்த்தார், இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அப்போது பின்னாலிருந்து மேவிஸ் டெட்லோ, இருக்கிறாளே அந்த வாயாடி, கடைசி மேசைக்காரி, வேலை நேரத்தில் பேசாதே என்று நான் தினம் திட்டுகிறவள், மெதுவாக, ‘மிஸஸ் ஹாவர்த், தப்பா நெனைக்காதீங்க, போதும்னு அதுகிட்ட நாம யாருமே சொல்லலியே?’ என்றாள்.

என் தலையில் யாரோ வாளித் தண்ணீரைக் கொட்டினது போல இருந்தது. வில்லைக் கணக்கு உனக்கு மறந்திருக்காது. குத்துமதிப்பாக ஒரு விடையை வைத்து, அதைத் திருத்தி, திருத்தினதை மறுபடி திருத்தி, கடைசி இலக்கம் அசையாமல் நின்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். பென்சிலைக் கீழே வை என்று உனக்கு நான் எப்போதாவது சொன்னேனா? எந்தப் பெண்ணுக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம் என்பதால் சரிபார்த்த பெண்கள் கண்ணிலும் படவில்லை. போதாததற்கு நான் சின்ன வயதில் மாக்கிள்ஸ்ஃபீல்டு பட்டு ஆலையில், எந்தக் கோலம் நெய்ய வேண்டும் என்று சொல்லும் ஓட்டை போட்ட அட்டைகளைத் தறிக்குக் கோத்துக் கொடுத்தவள். கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிந்துவிட வேண்டும், அப்போதுதான் கோலம் திரும்பத் திரும்ப வரும், துணி போதுமென்றால் தறிக்காரர் கை வைத்து நிறுத்துவார். அதே கைப்பழக்கத்தில் உத்தரவின் வாலைத் தலையோடு முடிந்துவிட்டேன். அந்தப் பாவப்பட்ட இயந்திரம் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரியையே திருத்திக்கொண்டு கிடந்திருக்கிறது, யாரும் நிறுத்தச் சொல்லாவிட்டால் உலகம் முடிகிறவரை அதையே செய்திருக்குமோ என்னவோ, சொல்வதற்குத்தான் ஆளில்லை.

மேவிஸ் சொல்லச் சொல்ல, கடைசி இலக்கம் அசைகிறதா பார், அசையாவிட்டால் அடுத்த வரிக்குப் போ என்று இரண்டு உத்தரவுகளைச் சேர்த்து எழுதினேன். பில்லிங் மறுபடி தட்டினார். ஐயோ ஐவி, நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். புள்ளிகள் சிதறின, கூடின, அச்சு இயந்திரம் தடதடவென்று வரி வரியாகத் துப்பியது. போன குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு நாங்கள் சுற்றிச் சுற்றிச் செய்த பட்டியல் முழுவதும், எட்னா ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் தரையில் சுருண்டு கிடந்தது. எங்கள் தாளோடு வைத்துப் பார்த்தோம், எல்லாம் ஒத்துப்போயிற்று. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கத்தினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தேவாலயத்தில் அத்தனை பேரும் எழுந்து பாடும்போதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. கண்ணீரும் வந்தது, அதற்கென்ன வெட்கம்.

பில்லிங் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு கதை சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டிலேயே ஒருவர் பித்தளைச் சக்கரங்களால் இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தாராம், உத்தரவு கொடுக்கத் தறி அட்டையைத்தான் எடுத்துக்கொண்டாராம், நான் கோத்தேனே அதே மாதிரி அட்டை! வாழ்நாள் முழுக்கப் போராடியும் அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. அதற்காக ஒரு பெண்மணி வரிசையாக உத்தரவு எழுதி வைத்தாராம். ‘ஓட்டிப் பாக்க மெஷினே இல்ல, மிஸஸ் ஹாவர்த். எழுதி வச்சுட்டு சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க’ என்றார். தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். தான் எழுதினது சரியா தப்பா என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை காட்ட ஒன்றுமே இருக்கவில்லை. என் தப்பை இந்த இயந்திரம் என் முகத்துக்கு நேரே காட்டிற்று, திருத்தினதும் ஓடியும் காட்டிற்று. நான் எவ்வளவு கொடுத்துவைத்தவள்.

ஆஷ்வொர்த் வந்து கை குலுக்கி, அறை முழுவதும் இங்கே மாறுகிறது, பழையபடி நீங்கள்தான் தலைமை என்றார். நான் மேவிஸைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தி, தலைமை இவள்தான், நான் இவளுக்குக் கீழே கற்றுக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் வெளுத்துப்போய், ‘அய்யய்யோ, நான் எப்பிடி உங்கள அதட்டறது?’ என்று கிட்டத்தட்ட அழுதேவிட்டாள். ‘ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னாத்தான் இதுக்குப் புரியும், அதுக்கு உன்ன மாதிரி வாயாடிதான்டி வேணும்’ என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, ‘உனக்கென்ன கிறுக்கா, இத்தன வருஷம் அதட்டின பொண்ணுகிட்டப் போயி கை கட்டி நிக்கப் போறியா?’ என்று சத்தம் போட்டார். நின்றால் என்ன? அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் சரி.

இந்த வாரம் முதல் வேலை. நான் எழுதிய தாளில் மேவிஸ் சிவப்பு மசியால் வட்டம் போட்டு, நிமிர்ந்து பார்க்கவே பயந்துகொண்டு, ‘மறுபடி எழுதணும், மிஸஸ் ஹாவர்த்’ என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ‘சரிங்க, மிஸ் டெட்லோ’ என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதினேன்.

நீயும் க்ளிஃபும் குழந்தையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, குறைவின்றி இருக்க தினமும் ஜெபிக்கிறேன். சூசனுக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, பாலை நன்றாகக் காய்ச்சிக் கொடு. இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டு வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே. அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், மிட்டாய் வாயோடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஆக்னஸ் ஹாவர்த்