மாமாவுக்கு இரண்டாகத் தெரிகிறது

ஜூன் 3, செவ்வாய்

இன்றைய முதல் வண்டி ஒரு பல் டாக்டருடையது. அவர் உள்ளே யாருடைய பல்லையோ பிடுங்கிக்கொண்டிருக்க, நாங்கள் வெளியே அவருடைய முன்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். சத்தம் உள்ளேயிருந்துதான் அதிகம் வந்தது. பழைய கண்ணாடியை அறுத்தெடுத்து, பசை வைத்து, புதியதைப் பொருத்தி, கடைசியாகக் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்திய வண்டியின் கேமராவுக்கு எதிரே கட்டம் போட்ட பலகையை நிறுத்தி அளவு சரிபார்த்தோம். "பசை காயணும் சார், கொஞ்ச நேரத்துக்குக் கதவை அடிச்சுச் சாத்தாதீங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, டமால்! என்னோடு வேனில் வேலை செய்யும் கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டார். பசை வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவர் பெயரே கோந்து அண்ணன் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே நிற்கிறார். என் மாமனார், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். ஆறடிக்கும் மேல். நான் அவருடைய சட்டைப்பை உயரம்.

"என்னம்மா, நீ போட்ட கண்ணாடியில நம்பர் ரெண்டா தெரியுது?"

போன வாரம் லாரி டயரிலிருந்து கல் தெறித்து அவர் வண்டியின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அந்த வண்டி, போகிற வேகத்தை முன்கண்ணாடியிலேயே பச்சை எண்ணாகக் காட்டும். ஓட்டுகிறவர் தலை குனிய வேண்டாம். அந்த எண்ணைத்தான் சொல்கிறார்.

போய் சீட்டை எனக்கேற்ப முன்னால் இழுத்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. எண் எதுவுமே இல்லை. ஏதோ பட்டனை அமுக்கி அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

"உங்களுக்கு ரெண்டு தெரியுது, எனக்கு ஒண்ணுமே தெரியல. சராசரி ஒண்ணு மாமா. சரியாத்தான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நல்ல ஜோக். வீணாய்ப் போனது.

ஜூன் 5, வியாழன்

வினை என்பது விளையாட்டில்தான் ஆரம்பிக்கும். அத்தையைக் கடைக்குக் கூட்டிப்போன மாமா, வழியில் சும்மா இருக்காமல், "இப்பவும் ரெண்டாத்தான் தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். "என்னங்க ரெண்டா தெரியுது? ரோடா?" என்று அத்தை அலறி, பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நானும் என் கணவரும் போனோம், வண்டியை நான் ஓட்டி வந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் விசாரணை.

"கண்ணுல ஒண்ணும் இல்ல. கண்ணாடியிலதான் கோளாறு" என்றார் மாமா.

அத்தை என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. கண்ணாடி சரியா இருக்கா, இல்லையா?"

"என் வேலையில அப்படியெல்லாம் வராது அத்தை. கேமரா கூட ஒரே தடவையில சரியா உக்காந்துச்சு."

"வயசாச்சுல்லப்பா... புரையா இருக்கும்" என்றார் இவர். என் கணவர் எந்தச் சண்டையிலும் நடுவில் நிற்பவர். இன்று மட்டும் தப்பித்தவறி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்.

சாவி அத்தையின் பீரோவுக்குள் போனது. மாமாவின் விசிலும் அந்தச் சாவி வளையத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போனால் மனிதர் என்ன செய்வார்? எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பாவமாகத்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் மாமாவும் அத்தையும் மட்டும் கடற்கரைக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் தங்குவார்கள். முழு நாள் பயணம், மாமாதான் ஓட்டுவார். இந்த வருடம் 21ஆம் தேதி கிளம்புவதாக ஏற்பாடு. அத்தை இன்று பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டாள்.

"பஸ்லயா? என்னையா?" என்றார் மாமா. அவ்வளவுதான். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் "தேவையில்ல" என்கிறார்.

ஊரையே அதட்டிய மனிதர். இப்போது அத்தை தினமும் தலையை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டு மருந்து விடுகிறாள். தொடர்ந்து ஒரு டம்ளர் கேரட் ஜூஸ். மறுபேச்சில்லாமல் குடிக்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சண்டை போட்டால் நன்றாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

பாவம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இப்போது சாவி என் பொறுப்பு. வேலை முடிந்து வந்தால் மாமாவை அவர் வண்டியிலேயே நான்தான் கூட்டிப்போக வேண்டும். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "கிளட்ச்ச மிதிக்கிற மாதிரி மிதிக்காத, இது ஆட்டோமேடிக்." "அந்த ஸ்கூட்டர்காரன் திரும்பப் போறான் பாரு." அவன் திரும்பினான். "ஸ்டீயரிங்குக்கு மேல உனக்கு உலகம் தெரியுதா, இல்ல ஒரு குத்துமதிப்பா ஓட்டுறியா?"

அவ்வளவு தூரத்தில் வரும் ஸ்கூட்டர்காரன் முகத்தைப் பார்க்கிற கண்ணுக்கு, பக்கத்திலிருக்கும் எண் மட்டும் எப்படி இரண்டாகத் தெரியும்? என்னவோ. நான் கண் டாக்டர் இல்லை.

ஜூன் 14, சனி

இன்று காலையிலும் கேரட்.

ஜூன் 16, திங்கள்

மொத்தக் கடைக்குக் கண்ணாடி எடுக்கப் போனேன். ஒரு வாடிக்கையாளருக்கு, மாமாவுடையதைப் போன்ற அதே வண்டி. வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுச் சொன்னார்: "இதுல ரெண்டு வகை இருக்கு மேடம். வேகம் கண்ணாடியிலயே தெரியிற வண்டிக்குத் தனி கண்ணாடி. உங்களுது சாதாதான்."

தெரியும். எனக்குத் தெரியாதா? அந்தத் தனி கண்ணாடியின் உள்ளே இருக்கும் படலம் மேலே தடித்து, கீழே மெலிந்து வரும். கண்ணாடிக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டும் எண்ணைப் பிரதிபலிக்கும். அந்தச் சரிவுதான் இரண்டு பிம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைக்கிறது. அது இல்லாத கண்ணாடியைப் போட்டால் —

போட்டால் இரண்டாகத் தெரியும்.

வாடிக்கையாளர் வண்டி என்றால் சேஸிஸ் நம்பர் பார்க்காமல் ஒரு கண்ணாடி வாங்கமாட்டேன். கோந்து அண்ணன் மறந்தால்கூட நான் திட்டுவேன். மாமா வண்டிக்கு நம்பர் பார்த்தேனா? "நம்ம வீட்டு வண்டிதானே அண்ணே, தெரியாதா" என்று மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி வாங்கி வந்தேன்.

ஐயோ.

இருக்காது. முதலில் பார்க்க வேண்டும். நான் உட்கார்ந்தபோது எண்ணே தெரியவில்லையே?

ஜூன் 17, செவ்வாய்

சோபாவிலிருந்து இரண்டு குஷனை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் சீட்டில் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்தேன். தலை கூரையைத் தொடாத குறை. வண்டியைக் கிளப்பினேன்.

பச்சையாய் ஒரு பூஜ்யம். அதற்கு மேலே, சற்றே மங்கலாய், இன்னொரு பூஜ்யம்.

அந்த எண் உயரமானவர் கண்ணுக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது. மாமா உயரத்துக்கு. என் உயரத்துக்கு அது இல்லவே இல்லை. யாரும் எதையும் அணைக்கவில்லை. நான்தான் குள்ளம்! சராசரி ஒன்றாம், சராசரி! அந்த வாயை என்ன செய்யலாம்?

மனிதர் முதல் நாளே சொன்னார். கண்ணாடியில் கோளாறு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் சாவி போயிற்று, விசில் போயிற்று, பஸ் டிக்கெட் வந்தது, கேரட் வந்தது. அழுகையாக வருகிறது. நடுவில் சிரிப்பும் வருகிறது, அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அத்தையிடம் சொன்னால்? வேலை ஆரம்பித்த நாளிலிருந்து "பொம்பளைக்கு எதுக்கு வேனும் கண்ணாடியும்" என்று சொன்ன சொந்தக்காரர்களிடமெல்லாம் "என் மருமக கை வெச்சா தப்பாது" என்று சண்டைக்கு நின்றவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு யோசனை இருக்கிறது. நல்ல யோசனை இல்லை.

ஜூன் 18, புதன்

யோசனை இதுதான். கண்ணாடி தானாக உடைந்தால் மாற்றித்தானே ஆக வேண்டும்? தண்ணீர் ஒழுகுகிறது என்றால் என் தலையில் விழும். கல் தெறித்தது என்றால் யார் தலையிலும் விழாது. சரியான கண்ணாடியைப் போட்டுவிட்டு, "சொட்டு மருந்து வேலை செஞ்சிருச்சு" என்று கைதட்டிவிடலாம். கோந்து அண்ணனிடம் உதவி கேட்டேன். "நான் ஒட்டுற ஆளும்மா. உடைக்கிற ஆள் இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

மாமா மாலை நடைக்குப் போன நேரம் பார்த்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். நாலு கல் பொறுக்கினேன். ஒன்று ரொம்ப உருண்டை, ஒன்று ரொம்பப் பெரியது. ரோட்டில் தெறிக்கிற கல் கூர்மையாக இருக்கும், விரிசல் நட்சத்திரம் போல விழும். எத்தனை பார்த்திருக்கிறேன்! இடமும் தேர்ந்தெடுத்தாயிற்று. கையை ஓங்கினேன். கை இறங்கவில்லை. நல்ல கண்ணாடி. தப்பான கண்ணாடிதான், ஆனால் எவ்வளவு அழகாகப் பொருத்தியிருக்கிறேன்! மறுபடி ஓங்கினேன்.

"அது சின்னக் கல்லு. அந்தப் பெருச எடு."

பின்னால் மாமா. நடைக்குப் போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கையில் கல்லோடு நின்ற என்னால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குஷன் வரைக்கும்.

அவர் பானெட்டில் சாய்ந்துகொண்டார். "சாவி போன மறுநாளே நான் தனியா கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். ரெண்டு கண்ணும் கல்லு மாதிரி இருக்குன்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் மாமா வீட்டுல சொல்லல?"

"சொன்னா தப்பு உன்னுதுன்னு ஆயிடும். உங்க அத்தை உன்னைத் தலையில வெச்சுக் கூத்தாடிட்டிருக்கா, அதை நான் ஏன் கெடுக்கணும்? நீயா கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன். ரொம்ப மெதுவா கண்டுபிடிச்ச." வண்டியின் பின் கதவைக் காட்டி, "அதுவுமில்லாம, பின் சீட்டுல உக்காந்து குறை சொல்றதுல ஒரு சுகம் இருக்கும்மா. உங்க அத்தை இத்தனை வருஷமா அதை எனக்குச் சொல்லவே இல்ல."

அவர் கல்லை வாங்கித் தூர எறிந்தார். "கண்ணாடிய மாத்திடு. சொட்டு மருந்துல சரியாயிடுச்சுன்னு நானே சொல்லிடறேன். ஆளுக்கொரு பொய், முடிஞ்சது கதை."

ஜூன் 19, வியாழன்

கதை முடியவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டேன். மருந்தில் சரியானது என்றால், அத்தை அந்த மருந்தை விடுவாளா? அடுத்த மாதம் அவர் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தாலும் சாவி பீரோவுக்குள் போகும். ஆயுசுக்கும் கேரட். என் பெயருக்காக அவர் ஆயுள் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

சாப்பிடும்போது மாமா ஆரம்பித்தார்: "அந்த மருந்து இருக்கு பாரு, அது—"

"மருந்து இல்ல அத்தை. தப்பு என்னுது. நான் போட்டது வேற கண்ணாடி. நம்பர் எனக்கும் ரெண்டாத்தான் தெரியுது. குஷன் மேல உக்காந்து பார்த்தேன்."

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். மாமா என்னை முறைத்தார்.

அத்தை எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம். இன்று சாயங்காலம்தான் என்னிடமிருந்து சாவியை வாங்கி உள்ளே வைத்திருந்தாள். திரும்பி வந்து அதை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், விசிலோடு. "கல்யாணம் ஆனதிலிருந்து நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் சரியா இருந்துச்சு. அதைப் போய் நான் நம்பாம விட்டுட்டேனே" என்றாள். மாமா சாவியை எடுக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நாளையிலிருந்து கேரட் ஜூஸ் உனக்கு."

ஜூன் 20, வெள்ளி

குடித்தேன். சகிக்கவில்லை.

சேஸிஸ் நம்பரை நானும் கோந்து அண்ணனும் ஆளுக்கொரு முறை சத்தமாகப் படித்து, சரியான கண்ணாடியை வாங்கிவந்து பொருத்தினோம். கேமரா சரிபார்த்தாயிற்று. மாமா உட்கார்ந்து பார்த்தார். "ஒண்ணு" என்றார். எனக்கும் காட்டுவதற்காக அவரே போய்க் குஷனை எடுத்துவந்தார்.

வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம், தொழில் படுத்துவிடும் என்று கெஞ்சினேன். "என் வாயிலிருந்தா? வராது" என்றார்.

ஜூன் 21, சனி

விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். தெருமுனை திரும்பும்வரை விசில் சத்தம். பஸ்ஸில் இரண்டு சீட்டு காலியாகப் போயிருக்கும்.

ஜூன் 30, திங்கள்

காலையிலிருந்து போன். மாமாவோடு நடைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய சம்பந்திகள், பழைய ஹெட்மாஸ்டர். மாமா கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். கல் பொறுக்கியதைக்கூட விடவில்லை!

ஹெட்மாஸ்டர்தான் கடைசி. "ரெண்டா தெரியிற கண்ணாடி போட்ட பொண்ணு நீதானேம்மா?"

"ஆமா சார்" என்றேன்.

"தப்ப அது தானா வந்து ஒத்துக்கிச்சு, வேலைய அதுகிட்டயே குடுன்னு உங்க மாமா ஒரே பிடிவாதம். என் வண்டியில வைப்பர் ஓரமா ஒரு விரிசல். எப்ப வர்றே?"

காலையிலிருந்து வந்த போன்களிலேயே இந்த வாரம் நிரம்பிவிட்டது. அடுத்த செவ்வாய் வருவதாகச் சொன்னேன். சேஸிஸ் நம்பரைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டேன். வீட்டம்மாதான் ஓட்டுவாராம்.

"அப்ப நான் வரும்போது அவங்களும் இருக்கட்டும் சார். கண்ணாடி போட்டதும் அவங்க உக்காந்து பார்த்துச் சொல்லணும்."