கட்டிலிலிருந்து வந்த பொன்வண்டு

கள்ளிக்குப்பம்
3.6.2024

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

நலம். ஓசூரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பிரியா போனதிலிருந்து போனில் பேசினால் இருவருமே அழுதுவிடுகிறோம், எழுதுவதே மேல். இங்கே ஒரு வேடிக்கை. நம் கட்டில் சட்டத்தில் பொத்தல் விழுந்து, பச்சையும் தங்கமுமாக ஒரு பொன்வண்டு வெளியே வந்தது. ஜன்னலோர முருங்கைப்பூவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு வருஷத் தேக்கில் வண்டு வருமா? கடைக்காரன் உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

கன்னியம்மாள்

ஓசூர்
8.6.2024

அன்புள்ள கன்னிக்கு,

சாப்பிடுகிறேன், மெஸ் குழம்பில்தான் உப்பே இல்லை. வண்டு வெளியிலிருந்து பறந்து வந்திருக்கும். பொத்தலை மெழுகு வைத்து அடைத்துவிடு. யாரிடமும் காட்டிக்கொண்டிருக்காதே. அந்தக் கட்டிலில்தான் தூக்கம் வருகிறது என்று நீயே எழுதியிருந்தாய்.

உன் நாகேந்திரன்

கள்ளிக்குப்பம்
14.6.2024

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

இன்னொரு வண்டும் வந்தது. எதிர்வீட்டு அருள்மொழி டீச்சரிடம் காட்டினேன், காலேஜில் பூச்சிப் பாடம் எடுக்கிறவர். வளர்ந்த வண்டு பூவில் மேயுமாம். புழு மரத்தைக் குடைந்துகொண்டு, பலகையாக அறுத்த பிறகும் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்குமாம். சந்தேகம் வந்து ஆசாரி ஜெகனைக் கூப்பிட்டேன். அவன் சுரண்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கா இத்த தேக்குன்னு சொன்னது? வாகை மரம்க்கா இது" என்றான்.

நம் பெண் உயிரை மாய்த்துக்கொண்ட கொல்லை மரமும் வாகை. அதை வெட்டி எரிக்கச் சொன்னேன். எரித்துவிட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். இப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

கன்னியம்மாள்

ஓசூர்
21.6.2024

கன்னி,

எரிக்கவில்லை. லாரியில் ஏற்றும்போது, பிள்ளை கடைசியாகத் தொட்டது இதைத்தானே என்று தோன்றிவிட்டது. அறுத்துக் கட்டில் செய்யக் கொடுத்தேன். சொன்னால் நீ படுக்கமாட்டாய். அவள் பக்கத்தில் நீ தூங்குகிறாய் என்று நினைத்துத்தான் இங்கே நானும் தூங்கினேன். தப்புத்தான். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நாகேந்திரன்

கள்ளிக்குப்பம்
2.7.2024

திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

ரம்பம் வாங்கிவந்து கட்டிலை அறுக்கப் பார்த்தேன். கை வரவில்லை. அவள் தொட்டது என்று எழுதிவிட்டீர்களே. இனி அதில் படுக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ஆறு வருஷம் அதில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொரட்டூரில் விஜி அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வரவேண்டாம், எழுதவும் வேண்டாம். சாவி டீச்சரிடம் இருக்கிறது. நீங்கள் வந்து அதில் படுத்துக்கொள்ளுங்கள்.

கன்னியம்மாள்