ரொம்பச் சாதாரணப் பேர்

அன்புள்ள அண்ணா,

தோட்டக்காரர் வேலை கேட்டு நேற்று நீ எங்கள் பள்ளிக்கு வந்தபோது, நான் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தேன். விண்ணப்பத்தைப் பார்த்த எழுத்தர், "சார், இந்தக் குடும்பப் பேரை உங்களைத் தவிர யாருக்கும் நான் பார்த்ததில்ல. சொந்தமா?" என்று கேட்டார்.

"எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க" என்றேன்.

"ஆமாங்க, ரொம்பச் சாதாரணப் பேர்" என்று நீயும் தலையாட்டினாய்.

இந்த நாட்டில் கப்பலிலிருந்து இறங்கிய கொள்ளுத்தாத்தாவிடம் துறைமுக அதிகாரிகள் பேர் கேட்டார்களாம். அவர் தன் தொழிலைச் சொல்ல, அதையே தப்பும் தவறுமாகக் குடும்பப் பேராக எழுதி வைத்தார்களாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தப் பேரோடு இன்று மிச்சமிருப்பது நீயும் நானும்தான்.

உன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நீ போன பிறகுதான் விண்ணப்பத்தை முழுதாகப் படித்தேன். 'இங்கே உறவினர் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று நீ வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாய். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய்.

அதை அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதி, எழுத்தரிடம் நானே கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நேர்காணலுக்கு வா. ஆள் எடுக்கும் குழுவில் இனி நான் இருக்க முடியாது. வாசலில் நிற்பேன்.

உன் தம்பி