உமிழ்வைக் குறைப்போம்

மாசி 12, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. ஒரு துண்டறிக்கை எழுதும் வேலை. விசைத்தறிக் கொட்டகைகளின் சிமென்ட் சீட் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல வேண்டும். உள்ளே சூடு தணியும், கரன்ட்டும் மிச்சம். "நீங்க சிரிக்கச் சிரிக்க எழுதறவரு, சனங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க" என்றது சுற்றுச்சூழல் அமைப்பு. தலைப்பு வைத்தேன்: 'கார்பன் உமிழ்வைக் குறைப்போம்!' எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

மனைவி சாந்தி படித்துவிட்டு, அதை மடித்து விசிறிக்கொண்டாள். அதற்காவது உதவியது.

மாசி 13, புதன்

வெள்ளகோவில். சாந்தியின் அண்ணன் தங்கவேலுவின் தறிக் கொட்டகையில் கூட்டம். தறியை நிறுத்தச் சொன்னதில் மச்சானுக்கு ஏற்கெனவே கடுப்பு. உமிழ்வு, உமிழ்வு என்று அரை மணி முழங்கினேன். தறி ஓட்டும் பொன்னக்கா எழுந்தார்.

"ஏனுங்க, நாங்க வெத்தலை போட்டாத்தானுங்க துப்பறோம். அதுக்கும் கூரைக்கும் என்னங்க சம்பந்தம்?"

கொட்டகையே சிரித்தது. கிளம்பும்போது பார்த்தால் சுவரில் புதிதாக: 'இங்கு உமிழாதீர்'. மச்சான் உபயம். என் சொற்பொழிவின் ஒரே பலன்.

சிரிப்பு வீடு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. போன கோடையில் தறிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தவர் இதே பொன்னக்கா. கை தறிக்குள் போகாதது அதிர்ஷ்டம். அடுத்த கோடை இதோ. கூரைக்கு வெள்ளையடிப்பீர்களா என்று மச்சானிடம் போனில் கேட்டேன். "பார்க்கலாமுங்க மாப்பிள்ளை." மாட்டேன் என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வோம்.

மாசி 15, வெள்ளி

எனக்கு உருப்படியாக வருவது ஒன்றுதான். புறணி. பேக்கரியில் மச்சான் காதில் விழுகிற தூரத்தில், டீ மாஸ்டரிடம்: "சின்னசாமி கூரைக்கு வெள்ளையடிக்கப் போறாராமுங்க. உள்ள குளுகுளுன்னு ஆயிருமாம். தறி ஓட்டறவங்கெல்லாம் அங்க போறதாப் பேச்சு."

சின்னசாமி பக்கத்துத் தறிக்காரர், மச்சானுக்குப் போட்டி. தறி ஓட்ட ஆள் கிடைக்காத ஊர். மச்சான் டீயில் முக்கிய பன்னை எடுக்க மறந்தார்.

மாசி 17, ஞாயிறு

மச்சான் கூரை மேல் ஆட்கள், வாளி, சுண்ணாம்பு மட்டை. என் நெஞ்சு நிமிர்வதற்குள் சின்னசாமி போன். "நான் வெள்ளையடிக்கறேன்னு ஊரெல்லாம் பேச்சு. என்ற சம்சாரமே கேக்குறா. ஆரு கெளப்புனாங்கன்னு தெரியுங்களா?"

பேச்சைத் திருப்பினேன். "அடிச்சுப்போட்டா என்னங்க?"

"தங்கவேலு அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. இனி அடிக்காம இருக்க முடியுங்களா?"

ஆக, என் பொய் மெய்யாகிவிட்டது. சந்தோஷமில்லை. உண்மையைச் சொன்னேன், எச்சில் என்று கேட்டது. பொய்யைச் சொன்னேன், சுண்ணாம்பு வந்தது. "அப்ப இனிமே ஊரூராப் போய்ப் பொய் சொல்லப் போறீங்களா?" என்றாள் சாந்தி. அன்றைக்குக் கூட்டத்தில் பொன்னக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் விழுந்த கதையைப் பேசச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? என் தலைப்பின் அழகில் மயங்கிக் கிடந்தேன்.

மாசி 22, வெள்ளி

பொன்னக்காவிடம் கேட்டேன், இப்போது எப்படி என்று. "மத்தியானத்துல தலை கிறுகிறுங்கலீங்க. அவ்வளவுதான்."

அதையே புது அறிக்கைக்குத் தலைப்பாக வைத்து, அவர் சம்மதத்தோடு அவர் கதையையும் எழுதி அனுப்பினேன். சாயங்காலம் அமைப்பிலிருந்து போன்.

"சார், 'உமிழ்வு' விட்டுப்போச்சுங்களே?"

"துப்பிப்போட்டேனுங்க."