தோற்றால் என் பெயரைச் சொல்லட்டும்

பூதலூர்,
பிப்ரவரி 12.

அன்புள்ள கவி அப்பாவுக்கு,

செவ்வந்தி எழுதிக்கொள்வது. நானும் கவிப்ரியாவும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பற்றி நான் விசாரிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் உடம்பு திடமாகத்தான் இருக்கிறது.

போனில் நான் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொல்ல, கடைசியில் சிக்னல் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பாத்திமா அக்கா வீட்டுக்காரர் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார். இட்லிப் பொடி, அத்தை போட்ட நார்த்தங்காய் ஊறுகாய், இந்தக் கடிதம் மூன்றும் அவர் பெட்டியில் வருகின்றன. பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தை லீவு நாளில் படிக்கலாம் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் சாதத்தில் விடுகிற கல்லெல்லாம் அவருக்குத் தெரிகிறது. கவிக்குக் கணக்கில் தொண்ணூற்றிரண்டு.

வயல் விஷயம் ஒன்று. அறுத்து முடித்த பிறகு உளுந்து தெளித்தால் போதும், முன்னாலேயே தெளித்தால் அறுப்பு மெஷின் மிதித்து நாசமாக்கிவிடும் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். அங்கே மணலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம் மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது மறந்துபோயிருக்கும். இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்தே வெயில் கொளுத்துகிறது. மெஷின் வருவதற்கு நாலு நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, நானே இறங்கித் தெளித்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. மெஷின் திரும்பிய இடத்தில் கொஞ்சம் போனது உண்மை. மற்றதெல்லாம் முளைத்து இலை விட்டு நிற்கிறது. பக்கத்து வயல்காரர் பொறுத்திருந்து தெளித்தார். அவர் வயலில் வெடிப்புத்தான் இருக்கிறது. கோபப்படுவதானால் இதற்கும் சேர்த்தே கோபப்பட்டுக்கொள்ளுங்கள், அடுத்த விஷயம் இதைவிடப் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வெண்ணாறு மகளிர் கால்பந்து அணியின் தலைமைக் கோச் துரைராசு சார், மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போகிறார். அந்த இடத்துக்குத் துணைக் கோச்சான என்னை வரச்சொல்லி, கால்பந்துக் கழகச் செயலாளர் ஹாஜா மைதீன் சார் வீடு தேடி வந்து சொன்னார். நான் மாட்டேன் என்றால் திருச்சியிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிவருவார்களாம். தம்பிக்கு இருபத்தாறு வயது. அவர் விசில் ஊத, நான் மைதானத்தில் பயிற்சிக் கோன் அடுக்க வேண்டும்.

அதைச் சொன்னதும் நீங்கள் சொன்னது இது: "இப்ப என்ன அவசரம்? இன்னும் ரெண்டு வருசம் போவட்டும். துணைக் கோச்சா இருந்தா தோத்தாலும் உன் பேரு கெடாது. தலைமைன்னு போயித் தோத்தா ஊரே சிரிக்கும்."

ஏழு வருஷமாக விடியற்காலை ரயிலைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடுகிறேன். கோச்சுக்கான டி லைசென்ஸ் முடித்தாயிற்று. அதற்கு அடுத்த படியான சி லைசென்ஸ் வகுப்புக்கு மே மாதம் கழகமே அனுப்புகிறது. இதற்கு மேல் எதற்குப் பொறுக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியவில்லை, போனைத்தான் வைக்க முடிந்தது. அந்த "இன்னும் ரெண்டு வருசம்" எனக்குப் புதிதும் இல்லை. மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கும் அதையேதான் சொன்னீர்கள். கவிக்கு அப்போது மூன்று வயது. இப்போது ஒன்பது.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று சரி. துணைக் கோச் தோற்பதே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்கழியில் கும்பகோணத்தில் நடந்த இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கோப்பையோடு நாங்கள் நிற்கிற படத்தை வாட்ஸப்பில் வைத்து எல்லோருக்கும் காட்டினீர்களே, அதே ஆட்டம்தான். அதில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது பாதியில் எங்கள் கோல் கீப்பர் அஃப்ரீன் தப்பாகக் கால் ஊன்றினாள். அதற்கப்புறம் பந்து தூரத்தில் இருக்கும்போதெல்லாம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் துரைராசு சாரிடம் போய், அவளை வெளியே எடுத்துவிடலாம் என்றேன். மாற்றுக் கீப்பர் கையுறை மாட்டித் தயாராக நின்றாள். சார், "பொறும்மா, பத்து நிமிசம் போவட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, கோப்பையைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆவதற்குள் ஒரு பந்துக்கு எகிறிய அஃப்ரீன் கீழே விழுந்து எழுந்திருக்கவே இல்லை. தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆகி, ஒரு வருஷத்துக்கு மைதானப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோப்பை வந்தது. படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணைக் கோச்சை யார் கேட்பார்கள்?

போன மாதம் நாகூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். அவள் அம்மா டீ கொடுத்தார். அஃப்ரீன் கோபமே இல்லாமல் கேட்டாள்: "நீங்க சார்ட்ட சொன்னத நான் கோல்லேருந்து பாத்தேன் மிஸ். சொல்லிட்டு ஏன் மிஸ் போயி உக்காந்துட்டீங்க?" நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இனி நான் சொல்லிவிட்டு உட்கார மாட்டேன். ஒரு பெண்ணை வெளியே எடுக்க வேண்டும் என்றால் நான் எடுப்பேன். அதனால் தோற்றால் என் பெயரைச் சொல்லித் திட்டட்டும், ஊர் சிரிக்கட்டும். சிரித்துச் சிரித்து அவர்களுக்கு வாய்தான் வலிக்கும்.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஹாஜா மைதீன் சார் தாளை நீட்டும்போது, "வீட்டுல சாரக் கேட்டுக்கிட்டீங்களாம்மா?" என்றார். கேட்டாயிற்று என்றேன். பொய் இல்லையே. கேட்டேன், நீங்கள் சொன்னபடி செய்யவில்லை, அவ்வளவுதான். அத்தையிடம் சொன்னதும் உள்ளே போய், நான் களைய வேண்டிய அரிசியை அவரே களைந்து வைத்தார். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, மாலை நாலு மணிக்குத் தஞ்சாவூரில் முதல் ஆட்டம். எதிரே வருவது பலமான அணி. தைரியமாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான், ஆனால் இரண்டு நாளாக நடுராத்திரி எழுந்து அணிப் பட்டியலை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் பின்வாங்க மாட்டேன்.

சாப்பாட்டு வேளையைத் தள்ளிப் போடாதீர்கள். மருந்தை நிறுத்தாதீர்கள். முதலாளியிடம் லீவு கேட்டுப் பாருங்கள். ஜெயித்தால் கைதட்ட வர வேண்டாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தோற்றால் என்னைத் திட்டுவதற்காவது நேரில் வாருங்கள். நீங்கள் கடைசியாக லீவில் வந்து, நாம் எதிரெதிரே நின்று சண்டை போட்டு மூன்று வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
உங்கள்
செவ்வந்தி