பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சாக்கடை அடைத்து முழங்கால் தண்ணீர். கார்ப்பரேஷன் கொடுத்த பூட்ஸில் ஓட்டை. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, மலையாளத்தில், "நோக்கலாம்" என்றார். போன வருஷமும் நோக்கினார்.

பகல் 12. போனில், தமிழ்க் குறுக்கெழுத்துக் குழுவில் இன்றைய புதிர் வந்தது. இந்த வாரம் விருந்தாளி புதிர். குழுவில் ஒருவர் ஐந்து நாளும் புதிர் போடுவார், யாரென்று ஞாயிறன்றுதான் சொல்வார்கள். "பலம் முதலில் நீள, அக்கரைக்கு வழி (3)." ப நீண்டால் பா. பாலம். சாயா ஆறுவதற்குள் எல்லாக் கட்டமும் முடித்து அனுப்பியாச்சு.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று சரியாக விடை அனுப்பியவர்கள் பட்டியல் வந்தது. 'வள்ளி, மட்டாஞ்சேரி' மூன்றாவது. அண்ணன் பெயர், 'கணேசன், பள்ளுருத்தி', இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். இல்லை.

அண்ணனோடு பேசி எட்டு மாதம். அம்மாவின் பதினாறாம் நாள், அத்தனை பேர் முன்னால், "கேட்டப்பல்லாம் சக்கரை போட்டு சாயா குடுத்தா, பின்னே எப்படி இருப்பா?" என்றார். அம்மா கடைசி வாரம் ஆசைப்பட்டுக் கேட்டாள், கொடுத்தேன். அதற்கு நான் கொலைகாரி. அன்றோடு சரி. ஆனால் தினமும் பட்டியலில் அவர் பெயர் வரும். எழுந்திருக்கிறார், சாப்பிட்டார், கண்ணாடி போட்டு உட்கார்ந்தார் என்று அர்த்தம். அண்ணி போனபின் தனி ஆள். அம்மாவைப் போல அவருக்கும் சர்க்கரை வியாதி. எனக்கு அந்தப் பெயர் போதுமாயிருந்தது.

இன்றைய புதிர்: "பாதித் தங்கம் கையோடு சேர்ந்தால் கூடப் பிறந்தவள் (3)." தங்கை. எளிது. மற்றவற்றில் மனசு ஓடவில்லை. அனுப்பவில்லை.

ஜூலை 16, புதன்

இன்றும் இல்லை.

1. போனில் டேட்டா தீர்ந்திருக்கும்.
2. கண்ணாடி உடைந்திருக்கும்.
3. இதை எழுத மாட்டேன்.

மீன் வாங்க மறந்தேன். புதிரைத் திறக்கக்கூட இல்லை. மகள் மீனு, "மாமனை போன்ல விளிச்சுக் கேட்டா என்னம்மா? எதுக்கு இந்த வாசியும் பிடிவாதமும்?" என்றாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, பட்டியலை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் நன்றாக வரும். "என்னைப் பேசினவர் அவர், அவரே கூப்பிடட்டும்" என்றேன். சொன்ன பிறகு பட்டியலை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

இல்லை. வீட்டுக்காரர் ஆட்டோ எடுக்கும்போது, "பள்ளுருத்திப் பக்கம் சவாரி வந்தா எட்டிப் பார்க்கட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். பகல் முழுக்க அவர் ஏன் அதோடு விட்டுவிட்டார் என்று கோபம். என் மேல்தான் கோபம்.

ஜூலை 18, வெள்ளி

இன்று நடந்ததை மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

பட்டியலில் இன்றும் இல்லை. வேலை முடிந்ததும் யூனிஃபார்மோடேயே பள்ளுருத்திக்கு பஸ். தோப்பும்படியில் சிக்னல், அசையவே இல்லை. இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது.

அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். போன் போட்டேன். எட்டு மாதத்தில் முதல் தரம். போன் உள்ளே அடித்தது. அடித்து நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி உள்ளேயே அடித்தது. ஜன்னலில் முகத்தை வைத்து, "அண்ணா, அண்ணா" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தாள். "அவரு கொஞ்சம் முன்னேதான் போனாரு. போனைக்கூட எடுக்காம ஓடினாரு. மட்டாஞ்சேரியில தங்கச்சிக்கு உடம்புக்கு என்னமோ வய்யாதாம், மூணு நாளா சத்தமே இல்லியாம். நீங்க யாரு?"

அதற்குள் மீனு போன். "அம்மா, மாமன் இங்க வந்திருக்கு. முழுக்க நனைஞ்சு. நீ எந்த ஆஸ்பத்திரியிலன்னு கேக்குது."

வீட்டுக்குத் திரும்பினால், அண்ணன் ஈர வேட்டியோடு கட்டிலில். கையில், நான் காலண்டர் முதுகில் எழுதிப் பார்த்த செவ்வாய்க்கிழமைப் புதிர்.

"எங்கே போனீங்க நாலு நாளா? பட்டியல்ல பேரைக் காணோம்."

"புதிர் போடறவன் எப்படி, வள்ளி, விடை அனுப்புவான்? விடையெல்லாம் இந்த வாரம் எனக்குத்தானே வருது. திங்களாழ்ச உன் பேரு வந்தது. அப்புறம் இல்லே. நான் என்ன நினைப்பேன்?"

பதினோரு வருஷமாக விடை அனுப்புகிறேன். விருந்தாளி விடை அனுப்ப மாட்டார் என்பது குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் தெரியும். பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

அவர் தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டார். தங்கை. "இதைக் கண்டுபிடிச்சும் அனுப்பலியே."

பிறகு தலை நிமிராமல், "அம்மாவுக்குப் போட்டுக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு சாயா போடு" என்றார்.

போட்டேன். சர்க்கரை அரைக் கரண்டிதான்.